தலைக்கு நேரே சூரியன்

சித்திரை விடுமுறை என்றால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் விடியவே வான்கள் வந்து நிற்கும். பயணம் பெரும்பாலும் நுவரெலியாவுக்கு. நாங்கள் புறப்படுகிற நேரமும் பாருங்கள், ஏப்ரல் 5 முதல் 15 வரை, சூரியன் இலங்கைக்கு நேரே உச்சம் கொடுக்கும் காலம்!

1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அவிசாவளை, கித்துல்கல தாண்டும்வரை புழுக்கம்தான். வியர்வை காயாத ஈரக்காற்றில் சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறும்.

தேத்தண்ணி குடிக்க இறங்கும்போது, பிள்ளை நித்திரைதானே என்று வானுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் 10 பாகை ஏறிவிடும். கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வழியில் செவ்விளநீர் வெட்டிக் கொடுங்கள். சோடாவைவிட எவ்வளவோ மேல். பையில் ஜீவனி என்ற, நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள் பக்கற் இருக்கட்டும். சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டுக் கலக்குவது சரிவராது.

சுவெட்டரையும் எடுத்து வையுங்கள். ஹற்றன் தாண்டியதும் அதே பிள்ளை குளிருது என்று அழும்.