பால் வழுவும் பயிலரங்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் பத்தாண்டு என்பது சிறிய காலம் அன்று. தொடங்கிய வேகத்திலேயே ஓய்ந்துபோன அமைப்புகள் பலவற்றை நாம் அறிவோம். நம் வட்டம் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அச்சேறிய கவிதையைவிட அச்சேறாத கவிதைக்கு இங்கே மதிப்பு மிகுதி. கைப்பிரதியோடு வருபவரை அமரச் சொல்லி முதலில் கேட்கிறோம், பிறகே கருத்துரைக்கிறோம். ‘பால்புதுமையர் எழுத்தும் பயிலரங்குகளும்’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, இந்த நற்பழக்கத்தின் பயன் கிட்டாமற்போன ஒருவரே முதலில் என் நினைவுக்கு வந்தார். அதற்குக் காரணமானவள் நானே ஆதலின், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, நம் மாதக் கவியரங்கிற்கென ஒரு கவிதை கொண்டுவந்தாள். மழைநாளில் பேருந்து நிறுத்தத்தில் தன் குடையை நீட்டிய ஒருவரைப் பற்றிய காதற்கவிதை அது. கூறுபவள் பெண் என்பது தெளிவு. குடையை நீட்டியவளும் பெண்ணே. நான் சிவப்பு மை கொண்டு ஐந்து இடங்களில் ளகர ஈற்றை னகர ஈறாக மாற்றி, ஓரத்தில் ‘பால் வழு’ என்று எழுதினேன். “அம்மா, தெரிந்துதான் எழுதினேன்” என்றாள். “மேடையில் படிப்பது, இலக்கணம் பிழைபடலாகாது” என்றேன். திருத்திய வடிவையே அவள் படித்தாள். தலை நிமிராமல் படித்தாள். நாம் அனைவரும் கைதட்டினோம். அதன்பின் அவள் எனக்கோ இவ்வட்டத்திற்கோ ஒரு கவிதையும் கொண்டுவந்ததில்லை.

இலக்கணத்தின் பெயரால் நான் செய்த திருத்தம் இலக்கணத்திற்கேனும் பொருந்துமா என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். எழுவாய்க்கு ஒவ்வாத ஈறு வினையில் வருவதே பால் வழு. பெண்ணைப் பெண் என்று சொன்னவிடத்து வழு ஏது? அவள் எழுதியது வழாநிலை. வழுவை உண்டாக்கியது என் பேனா.

நம் இலக்கணிகள் என்னைப்போல் அஞ்சியவர்கள் அல்லர். ஆண்மை திரிந்த நிலையில் உள்ளாரைக் குறிக்கும் பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை என்று கண்ட தொல்காப்பியர், அவரை உயர்திணை மருங்கில் வைத்தே கிளவியாக்கத்தில் விதி செய்தார். நன்னூலாரோ, பெண்மை விட்டு ஆண்மை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுவாரைப் பெண்பாலாகவும் கொண்டார். அவ்விருவரையும் அஃறிணை போல வழங்கவும் அந்நூற்பா இடம் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை. இவ்விதிகள் தன்பால் காதலைப் பற்றியன அல்ல என்பதும் உண்மையே. ஆயினும், ஒருவரது பாலை உறுதிசெய்ய அவரது அவாவைக் கேட்டறிதல் வேண்டும் என்னும் குறிப்பு அங்கே இருக்கிறது. நான் கேட்கவில்லை.

நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியதை வகுப்பில் உருக்கத்தோடு நடத்துகிறோம். அடியவர் பால் மாறி நின்றால் பக்தி. மாணவி தன் பாலிலேயே நின்று பாடினால் வழு என்பது என்ன நியாயம்?

இத்தகைய அனுபவங்கள் மிகுந்தமையால்தான், தன்பால் ஈர்ப்பினரும் திருநரும் தமக்கெனக் கூடி வாசிக்கும் இடங்களைத் தேடினர். நியூயார்க்கில் 1967இல் கிரெய்க் ராட்வெல் தொடங்கிய ஆஸ்கார் வைல்டு நினைவுப் புத்தகக் கடை, 2009இல் மூடப்படும் வரை அத்தகைய இடமாக விளங்கிற்று. இலண்டனில் 1979இல் தொடங்கிய ‘கேய்ஸ் த வேர்ட்’ கடை, நூல் விற்றதோடு கலந்துரையாடல் குழுக்களுக்கும் இடம் தந்தது. 1984இல் சுங்கத்துறையினர் அங்கே புகுந்து ஆயிரக்கணக்கான நூல்களை அள்ளிச் சென்றனர். வாசகரும் எழுத்தாளரும் துணை நின்றனர். 1986இல் வழக்குக் கைவிடப்பட்டது.

நம் வட்டத்திற்கு மிக நெருங்கிய உவமை ‘வயலட் குவில்’ குழு. 1980, 81ஆம் ஆண்டுகளில் எட்மண்ட் வைட், ஆண்ட்ரூ ஹாலரன், ஃபெலிஸ் பிக்கானோ முதலிய எழுவர் நியூயார்க்கில் ஒருவர் இல்லத்தில் கூடி, எழுதி முடியாத பக்கங்களை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டினர். நம் மாதக் கூட்டமும் அதுவேயன்றோ! அவ்வெழுவருள் நால்வரைப் பின்னர் எய்ட்ஸ் நோய் கொண்டுசென்றது. எஞ்சியவர் எழுத்தே அந்நட்பிற்குச் சான்றாயிற்று. 2007இல் லாம்ப்டா இலக்கிய அமைப்பு, வளரும் எழுத்தாளர்க்கென மூத்தோர் வழிகாட்டும் உறைவிடப் பயிலரங்கைத் தொடங்கிற்று.

தமிழ்நாட்டின் வரலாறு இதற்குக் குறைந்ததன்று. 2004இல் ரேவதி, திருநங்கையர் பலரது வாழ்க்கைக் கூற்றுகளைத் திரட்டி ‘உணர்வும் உருவமும்’ நூலை அளித்தார். தம் வரலாற்றை ‘வெள்ளை மொழி’ எனத் தமிழில் 2011இல் தந்தார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வந்தது. 2018 ஜூலையில் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் அமைப்பினர் சென்னையில் குயர் இலக்கிய விழாவை நடத்தினர். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பால் உறவைக் குற்றமாகவே கருதிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள். சட்டம் வழிவிடுவதற்கு இரு மாதங்கள் முன்பே தமிழ் எழுத்து வழிவிட்டுவிட்டது எனலாம். 2022இல் தமிழ்நாடு அரசு, உயர் நீதிமன்ற வழிகாட்டுதலின்படி, இம்மக்களைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ போன்ற சொற்கள் அரசு வழக்கிற்கு வந்தன. அச்சொற்களைச் சமூகத்தினர் தம் கூட்டங்களிலும் எழுத்திலும் முன்பே பழக்கிவைத்திருந்தனர் என்பது சொல்லாய்வாளர் கருதத்தக்கது.

இத்தகைய பயிலரங்குகளில் பொதுவாகச் சில நெறிகள் உண்டு. வருபவர் தாம் விரும்பும் பெயரைச் சொல்லலாம். இசைவின்றிப் புகைப்படம் எடுத்தல் இல்லை. உள்ளே கேட்ட வாழ்வை வெளியே கொண்டுசெல்லுதல் இல்லை. இவை நமக்குப் புதியனவா? அகத்திணைத் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று விதித்த மரபு நம்முடையது. பெயரை மறைத்ததால் அங்கே உணர்ச்சி மறையவில்லை. துணிந்து பேச இடம் கிடைத்தது.

“கவிதைக்குப் பால் ஏது? தனிக் கூட்டம் எதற்கு?” என்று நம் மூத்த கவிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்பினால் எழுந்த கேள்வி அது. ஐயா, கவிதைக்குப் பால் இல்லையெனில் நான் ஏன் ஐந்து ஈறுகளை மாற்றினேன்? பொது அவையில் விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறவர், விளக்கம் வேண்டாத அவையில்தான் எதுகையைப் பற்றியும் சொற்சிக்கனத்தைப் பற்றியும் பேச இயலும். எனினும், தனி அரங்குகள் இருப்பதாலேயே பொது அரங்கின் கடமை தீர்ந்துவிடாது.

ஆகவே பதினோராம் ஆண்டிற்கென மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று: கவிதையின் பாலீற்றில் கைவைக்கும் முன் எழுதியவரைக் கேட்போம். இரண்டு: நம் தொகுப்பில் இடம்பெறுவோர் இயற்பெயரும் புகைப்படமும் தரவேண்டும் என்னும் விதியைத் தளர்த்துவோம், புனைபெயர் போதும். மூன்று: ஆண்டிற்கு ஓர் அமர்வையேனும் பால்புதுமையர் எழுத்துக்கு ஒதுக்குவோம், அதை நடத்தும் பொறுப்பை அவர்களிடமே அளிப்போம். அவ்வமர்வில் இரக்கத்தால் கைதட்ட வேண்டாம். தளர்ந்த வரியைத் தளர்ந்தது என்றே சொல்வோம். கவிஞராக ஒருவரை மதிப்பது அவ்வாறுதான்.

அம்மாணவி இப்போது எழுதுகிறாளா என்பதை நான் அறியேன். இம்மலர் அவள் கைக்கு எட்டுமாயின், என் சிவப்பு மைக் குறிப்பை இந்த மேடையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்பதை அவள் அறியட்டும். அக்கவிதையை அவள் எழுதியவாறே இங்கு வந்து படிப்பதாயின், முன்வரிசையில் அமர்ந்து கேட்கக் காத்திருக்கிறேன்.