காய்ச்சல் மாத்திரையும் ஈரலும்



நாம் எல்லாரும் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் நல்ல மருந்துதான். அதன் பெரும்பகுதியை ஈரல் அணுக்கள் தீங்கில்லாமல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் விஷமாகிறது. அதையும் அணுக்களிலுள்ள குளூட்டாதயோன் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும்.

இந்தக் குளூட்டாதயோனை உடல் புரதத்திலிருந்தே செய்துகொள்கிறது. பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு, நீண்ட உபவாசம் இருப்பவர்களையும் சேர்த்துத்தான், அது குறைந்துபோகும். தினமும் குடிப்பவருக்கோ இரட்டை நஷ்டம்: குளூட்டாதயோனும் குறைவு, விஷத்தை உண்டாக்கும் என்சைமும் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமே உச்ச அளவு. இவர்கள் அதிலும் குறைவாக, டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது. அட்டையைப் படித்துப் பாருங்கள்.

அளவு மீறினால் முதல் நாள் வெறும் குமட்டல்தான். சிலருக்கு அதுவும் இராது. எங்களுக்குப் பயமே அதுதான். அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து குளூட்டாதயோனை மறுபடி உண்டாக்க உதவுகிறது. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். பிந்தினாலும் கொடுப்போம், பலன் குறையும். ஆகையால் காமாலை தெரியட்டும் என்று காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்; மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள்.