மணலைப் பிணைக்கும் குறுஞ்செடி
(உரையின் வாசகம்)

மேற்கு ராஜஸ்தானில் விரிந்து கிடக்கும் தார் பாலைவனத்தில், மழைக் குறைவுக்கு அடுத்தபடியாக நிலவளத்திற்குப் பெரும் பகையாக விளங்குவது கோடைக் காற்றாகும். ஜெய்சால்மர் வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. பருவமழைக்கு முன் வீசும் தென்மேற்குக் காற்று மணலை வாரி, வயல்களையும் சாலைகளையும் கால்வாய்களையும் மூடிவிடுகிறது. இம்மணலை அடக்கும் பணியில் மரங்களுக்கு முன்னோடியாக நிற்பது, அம்மண்ணுக்கே உரிய ஒரு குறுஞ்செடியாகும்.

'சினியா' என்று அப்பகுதி மக்கள் வழங்கும் இச்செடி கிலுகிலுப்பை இனத்தைச் சேர்ந்தது. பசுந்தாள் உரமாகப் பயிரிடப்படும் சணப்பைக்கு உறவு. பல்லாண்டு வாழும் இதன் அடிப்பகுதி கட்டையாக இறுகியிருக்கும். இலைகள் சிறியவை, ஆதலால் நீர் வீணாவது குறைவு. வேர்கள் மணலைப் பற்றி நிறுத்துகின்றன. தண்டின் நார் கயிறு திரிக்கவும், குச்சிகள் கூரை வேயவும் பயன்படுகின்றன.

1952ஆம் ஆண்டு ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் தொடங்கப்பட்டது. 1959இல் அது மத்திய வறண்ட நிலப்பகுதி ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கு வகுக்கப்பட்ட முறைப்படி, மணல்மேடு முதலில் மேய்ச்சலிலிருந்து காக்கப்படுகிறது. பின்னர் சினியா, இலந்தைப் புதர் போன்றவற்றின் தழைக் கொம்புகள் தலைகீழாகப் புதைக்கப்பட்டு, காற்றுக்குக் குறுக்கே வரிசைகளாகவோ சதுரங்கக் கட்டங்களாகவோ சிறு தடுப்புகள் அமைக்கப்படுகின்றன. மணலின் ஓட்டம் தணிந்தபின், மழைக்காலத்தில் மரக்கன்றுகளும் புல்லும் நடப்படுகின்றன.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. தடுப்புக்கான புதரை வேரோடு பிடுங்கினால், ஒரு மேடு அடங்கும் வேளையில் மற்றொரு மேடு கட்டவிழும். வேரை விட்டு, மேலே மட்டும் அறுப்பதே முறை. டிராக்டர் கலப்பையோ இந்த வேறுபாட்டை அறியாது. தரிசு நிலத்தை அது உழும்போது, பல்லாண்டுச் செடிகளின் வேர்கள் அறுபட்டு, காக்க ஆளின்றி மண் காற்றோடு போகிறது.

அயல்நாட்டு மரங்களை நட்டுப் பசுமை காணும் முயற்சியும் முழுப் பயன் தரவில்லை. வறட்சியைத் தாங்கும் என்று பரப்பப்பட்ட சீமைக் கருவேலம், பல இடங்களில் உள்நாட்டுச் செடிகளை ஒடுக்கிவிட்டது. ஜோத்பூர் கோட்டையை அடுத்த பாறை நிலத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய சீரமைப்புப் பணியில், அம்மரத்தின் வேர்களைப் பாறையிலிருந்து உளியால் அகழ்ந்தெடுத்த பின்னரே பாலைவனச் செடிகளுக்கு இடம் கிடைத்தது. ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா அவ்வாறு உருவானதே.

நட்ட மரங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பணியை அளவிடும்போது, முழங்கால் உயரச் செடி கணக்கில் ஏறுவதில்லை. 'தரிசு' என்று பதிவேட்டில் குறிக்கப்படும் நிலத்தில் ஏற்கெனவே வேரூன்றி நிற்பது எது என்று கண்டறிவதே, மீட்புத் திட்டத்தின் முதற்படியாக அமைய வேண்டும்.