விடைபெறும்போது ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

30 வருஷங்களுக்கு மேல் வடக்கே ஆங்கிலம் போதித்தவன் என்பதால், "ஸ்போக்கன் இங்கிலீஷ் பற்றி ஏதாவது சொல்லுங்களேன்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். இலக்கணம் பேசி உங்களைத் தூங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். 'ஹலோ' சொல்ல எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது என்ன சொல்வது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம்.

நம் ஆத்தில் "போறேன்" என்று சொன்னால் பாட்டி விடமாட்டாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்பாள். இது நமக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. கொல்கத்தாவில் வங்காளி 'ஆஷி', அதாவது 'வருகிறேன்' என்று சொல்லித்தான் கிளம்புவார். மராட்டியரின் 'யேதோ'வுக்கும் அதே அர்த்தம். குஜராத்தி 'ஆவ்ஜோ', 'வாருங்கள்' என்று வழியனுப்புவார். கன்னடக்காரரின் 'ஹோகி பர்தீனி' அப்படியே நம்முடையதுதான்.

ஆங்கிலத்தில் இது ஒரே வார்த்தையில் அடங்காது. 'குட் பை' என்பது, 'கடவுள் உங்களுடன் இருக்கட்டும்' என்று பொருள்படும் 'காட் பீ வித் யே' என்ற வாழ்த்து 16-ஆம் நூற்றாண்டில் சுருங்கி வந்த சொல். 'குட் டே', 'குட் ஈவினிங்' ஆகியவற்றின் சாயல் படிந்து 'காட்' என்பது 'குட்' ஆகிவிட்டது. ஆக, அதில் ஆசீர்வாதம் இருக்கிறது. திரும்பி வருவேன் என்ற வாக்கு இல்லை. அந்த வாக்கைத் தருவது 'ஸீ யூ'. ஆகவே தினமும் பார்ப்பவரிடம் 'பை, ஸீ யூ டுமாரோ' என்றால் போதும். முழுசாக 'குட் பை' என்றால் நீண்ட பிரிவு என்று தொனிக்கலாம். 'ஃபேர்வெல்' இன்னும் கனமானது. ரிடயர்மென்ட் பார்ட்டிக்குப் பெயராக வைக்கலாம், பேச்சில் வேண்டாம்.

குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுக்கும் 'டாட்டா'வும் ஆங்கிலச் சொல்தான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குழந்தைகளின் மழலையாகப் பதிவான வார்த்தை. ஜாம்ஷெட்பூர் டாட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் ஆத்துக்குப் போனால், "நாழியாச்சு, உத்தரவு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்திருக்கிறோம்? ஆங்கிலத்திலும் அப்படித்தான். முதலில் 'ஐ மஸ்ட் பீ கோயிங்' என்று கிளம்பும் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். அடுத்து 'தேங்க் யூ ஃபார் எ லவ்லி ஈவினிங்' என்று நன்றி. கடைசியில்தான் 'பை'. முதல் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் 'பை' சொல்லி எழுந்தால், கோபித்துக்கொண்டு போகிறார் என்று தோன்றும்.

டெலிபோனிலும் இதே முறைதான். மாதுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பேரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். முடிக்கும்போது 'ஓகே பாட்டி, ஐ வில் லெட் யூ கோ' என்பான். "நானா போறேன்னேன்? என்னைப் போகச் சொல்றானே" என்று மாமிக்கு மனசு ஆறவில்லை. பல மாதங்கள் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். 'உங்கள் நேரத்தை மேலும் எடுத்துக்கொள்ளவில்லை' என்று அந்த ஊரில் மரியாதையாகச் சொல்லும் முறை அது என்று விளக்கினேன். அதற்கப்புறம் பேரன் அப்படிச் சொன்னால், "சரிடா கண்ணா, டேக் கேர்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். ஒரு வாக்கியம் புரியாததால் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே எத்தனை வருத்தம் பாருங்கள்!

'ஸீ யூ லேட்டர்' என்றால் இன்றே மறுபடி சந்திப்பதாக அர்த்தமில்லை. "எப்போ?" என்று கேட்க வேண்டாம். 'குட் நைட்' விடைபெறும் சொல். ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தாலும் 'குட் ஈவினிங்' என்றே சொல்ல வேண்டும். புதிதாக அறிமுகமானவரிடம் ஆரம்பத்தில் 'நைஸ் டு மீட் யூ', கிளம்பும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 'நைஸ் ஸீயிங் யூ'.

வேலைக்கு இன்டர்வியூ போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே வரும்போது 'தேங்க் யூ ஃபார் யுவர் டைம். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று சொல்லுங்கள். 'பை பை' அங்கே வேண்டாம். அது குழந்தைகளுக்கும் நெருங்கியவர்களுக்கும்தான். கடிதத்தில் 'டியர் ஸர்' என்று ஆரம்பித்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. பேர் சொல்லி ஆரம்பித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'.

கடைசியாக, கஷ்டமான இரண்டு இடங்கள். ஆஸ்பத்திரியில், பிழைப்பது கஷ்டம் என்று நோயாளிக்கே தெரிந்திருக்கும்போது 'கெட் வெல் ஸூன்' என்பது காதில் பொய்யாக விழும். 'ஐ வில் கம் அகெய்ன் ஆன் ஸண்டே' என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுங்கள். அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது நாம் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. சொல்லாமலே எழுந்து வருவோம். ஆபீஸ் நண்பர் வேறு பாஷைக்காரராக இருந்தால் நம் மௌனம் அவருக்குப் புரியாமல் போகலாம். அங்கே 'பை'யும் வேண்டாம், 'ஸீ யூ'வும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, 'ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப். ஐ வில் கால் யூ' என்று சொல்லுங்கள். பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, மறக்காமல் போன் செய்யுங்கள்.

வார்த்தைகள் எந்த பாஷையாக இருந்தாலும், நாம் போனபிறகு அந்த ஆத்தில் தங்குவது கடைசியாகச் சொன்னதுதான். அதை யோசித்துச் சொல்லுவோம்.

 உத்தரவு வாங்கிக்கொள்கிறேன். நமஸ்காரம்.