மாத்திரையை யார் வாங்குவது?

மக்களின் கஷ்டத்தைத் தீர்ப்பது அரசுத் திட்டமா, சந்தையா என்று பட்டிமன்றங்களில் காலங்காலமாக வாதாடுகிறோம். இன்று ஒரே ஒரு மாத்திரை அட்டையை வைத்துப் பேசுகிறேன்.

அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கோ ரத்தக்கொதிப்புக்கோ மாத்திரை வாங்குகிறவர்களுக்கு அந்த அட்டை பழக்கமானது. தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் மாத்திரையைச் செய்தது பெரும்பாலும் தனியார் கம்பெனி. அதை வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

காய்கறி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாய் மருந்துக்குப் பேரம் பேசுவாரா? எழுதுகிறவர் மருத்துவர், காசு கொடுக்கிறவர் அந்தத் தாய். மருத்துவத்தில் சந்தை ஏன் தடுமாறுகிறது என்று கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர் 1963லேயே விளக்கி எழுதினார்.

அந்தத் தாய்க்காகப் பேரம் பேசுகிற வேலையைத்தான் கழகம் எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விடுவார்கள். பிராண்டுப் பெயருக்கு அங்கே இடமில்லை, மருந்தின் மூலப்பெயர்தான். தகுதி தேறிய கம்பெனிகளின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த வழியைப் பார்த்துத்தான் ராஜஸ்தான் 2011இல் தன் இலவச மருந்துத் திட்டத்தை அமைத்தது.

கம்பெனிகளுக்குள் போட்டி இல்லாவிட்டால் விலை இறங்காது. அரசு வாங்காவிட்டால் இறங்கிய விலை ஏழையிடம் வந்து சேராது. ஆகவே அரசு கறாரான வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அதில் அசந்தால் "இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று சீட்டு வரும். அன்று அந்தத் தாய் மறுபடியும் மருந்துக்கடை வாசலில் தனியாக நிற்பார்.

நேயர்களே, அப்படி ஒரு சீட்டு உங்கள் கைக்கு வந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எந்த மருந்து இல்லை, எப்போது வரும் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.