டெண்டர் பெட்டி யாருக்குத் திறக்கிறது?



போட்ட ரோடு அடுத்த மழைக்கே ஜல்லி பெயர்ந்துவிடுகிறது. காண்டிராக்டரைத் திட்டுகிறோம். டெண்டர் எப்போது வந்தது, யார் யார் கேட்டார்கள் என்று விசாரித்தோமா?

தமிழ்நாட்டில் 1998-லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. தள்ளப்பட்டவன் அப்பீல் செய்யவும் அதில் வழியுண்டு. டில்லி சர்க்கார் 2012-ல் கொண்டுவந்த கொள்முதல் மசோதாவோ, 2014-ல் லோக்சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. பிறகு 2017-ல் நிதி விதிகளைத்தான் திருத்தினார்கள். விதியை மாற்ற நிதி இலாகாவின் உத்தரவு போதும். சட்டத்தை மாற்றப் பார்லிமெண்டில் ஓட்டெடுக்க வேண்டும்!

சட்டம் இருந்தால் திருட்டு நடக்காதா? நடக்கும். "முன்பு இத்தனை கோடிக்கு வேலை செய்திருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் போதும். புதியவன் வாசலிலேயே நின்றுவிடுவான். பெட்டியைத் திறக்குமுன்பே காரியம் முடிந்தது.

வாசலில் நின்றவர்கள் உள்ளே போனதும் உண்டு. கேரளத்தில் வடகரைப் பக்கம் 1925-ல் கூலித் தொழிலாளர்கள் ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மண்வெட்டி பிடித்தவர்களே காண்டிராக்ட் எடுத்தார்கள். பின்னாளில் பாலங்களே கட்டினார்கள். நம் சங்கங்களும் டெண்டர் கேட்க வேண்டுமானால் டெபாசிட் குறைய வேண்டும். பெரிய வேலையைப் பிரித்துவிட வேண்டும். பிரிப்பதிலும் சூதுண்டு, தோழர்களே: அறிவிப்பில்லாமல் வேண்டியவனுக்குக் கொடுக்கவே துண்டு போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் அறிவிப்பு, கேட்டவர் பெயர், விலை எல்லாம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்கிறோம்.