மூட்டு நீர் கூறும் செய்தி



இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டங்களே வாழ்வு. கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு வரும் நம் பெண்மக்கள், ஏலச்செடியின் அடியில் குந்தியமர்ந்து காயெடுக்கின்றனர். தரையை ஒட்டிய சரத்திலே காய்ப்பதால், பகல் முழுவதும் முழங்கால் மடங்கியே இருக்கும். ஆகவே முழங்கால் வலி அங்கே ஒரு செய்தியன்று. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் புறப்படுவர். கூலி போய்விடுமல்லவா?

எனினும் அவ்வலிகளுள் ஒன்று வேறு இனத்தது. ஒரே மூட்டு ஓரிரு நாளில் வீங்கி, தொட்டால் சுட்டு, அசைக்கவும் இயலாமற் போகுமாயின், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே கிருமி புகுந்துள்ளதோ என ஐயுறல் வேண்டும். அட்டை கடித்துச் சொறிந்த புண், கத்தி பட்ட கீறல் முதலியவற்றின் வழியே கிருமி இரத்தத்திற் கலந்து மூட்டை அடையக்கூடும். நீரிழிவுடையோர்க்கு இவ்வாபத்து மிகுதி. மூட்டில் சீழ் தங்கினால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிபட்டுவிடும். பின்னர் எம்மருந்தாலும் அது பழைய நிலைக்கு மீளாது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு 'வாதம்' என்னும் சொல்மீது நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஐந்தாறு நோய்களை அது ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பரவிய சிக்குன்குனியா, வைரஸால் பல மூட்டுகளை ஒருங்கே வருத்துவது. யூரிக் அமிலப் படிகங்களால் வருவது பிறிதொன்று. மாதக்கணக்கில் மெல்ல வீங்கும் மூட்டிலோ காசநோய் இருத்தல் கூடும். இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது அனுபவமிக்க டாக்டருக்கும் அரிது.

பிரித்துக் காட்டுவது மூட்டு நீரே. தூய ஊசியால் டாக்டர் அதைச் சிறிது உறிஞ்சி எடுக்கிறார். நல்ல மூட்டின் நீர் தெளிந்து, முட்டையின் வெண்கருபோல் இழையோடும். அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளணுக்களே காணப்படும். எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டினால் பாக்டீரியாவைப் பற்றிய ஐயம் வலுக்கும். குறைந்திருப்பதால் மட்டும் அவ்வையம் நீங்கிவிடாது. அடுத்து, டென்மார்க் நாட்டு கிராம் என்பார் 1884-இல் வெளியிட்ட சாயமுறையால் கிருமியை உருப்பெருக்கியில் தேடுவர். அதிலும் அகப்படாத கிருமிகள் உண்டு. ஆதலின் நீரை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்கின்றனர். முளைத்த கிருமி எது, அதற்கு அடங்கும் மருந்து எது என்னும் இரண்டையும் அச்சோதனை தெரிவிக்கும். காசநோய்க் கிருமி வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். இந்நாளைய மரபணுச் சோதனையோ சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. அந்நோய்க்கு அரசே மருந்தை இலவசமாக வழங்குகிறது.

இங்கே வரிசை முக்கியம். மருந்துக்கடையில் இரண்டு வேளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வந்தால், வளர்ப்புச் சோதனையில் ஒன்றும் முளையாமற் போகலாம். ஆனால் நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். முதலில் நீர், பிறகு மருந்து. நோயாளியின் உயிருக்கே ஆபத்தான நிலையாயின் இவ்விதி தளரும். அதை டாக்டர் அறிவார். சிகிச்சையும் மருந்தோடு முடிவதில்லை. ஊசியாலோ அறுவையாலோ சீழை வெளியேற்ற வேண்டும். முதலில் நரம்பு வழியாகவும், பின்னர் மாத்திரையாகவும் மருந்து சில வாரங்கள் தொடரும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். கிருமி அதற்குள் அழிந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

எல்லைப்புறத்தில் இன்னோர் இடர். நீரை மலைமேல் எடுத்திருப்பர். நோயாளியோ மறுநாளே கம்பத்திற்கு இறங்கிவிடுவார். மூன்றாம் நாள் முடிவு வந்து, பெறுவாரின்றிக் கிடக்கும். புறப்படுமுன் சோதனைச் சாலையின் தொலைபேசி எண்ணையும் தம் மாதிரியின் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்க. கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்க. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ அடுத்துப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.